எழுபதுக்குக் கீழே

ஸுவைலிஹ் மேடு வருவதற்கு முன்பே முஃபீத் ஏசியை அணைத்துவிடுவார். அணைக்காவிட்டால் அம்மான் போய்ச் சேரும்வரை சார்ஜ் நிற்காது. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் மூன்று டீச்சர்களும் கையிலிருக்கும் பரீட்சைத் தாள்களால் விசிறிக்கொள்வார்கள். முன்சீட்டு வஜீஹா டீச்சர் விசிறிக்கொள்வதில்லை. அவருக்குப் பேசினாலே சூடு தணிந்துவிடும்.

"அபூ நிஸார், இது வண்டியா, வெந்நீர் ஹம்மாமா? நேத்து வீட்டுக்குள்ள நுழையறேன், என் புருஷன் கேக்குறார், எங்க குளிச்சிட்டு வர்றேன்னு."

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். மேடு தாண்டினதும் போட்டுடறேன்."

"குளிர்காலத்துல ஹீட்டர் கேட்டோம், மேடு தாண்டட்டும்னீங்க. இப்போ ஏசி கேக்குறோம், மேடு தாண்டட்டும்கறீங்க. இந்த மேட்டை நாம என்னிக்காவது தாண்டியிருக்கோமா?"

பின்சீட்டில் ஒரே சிரிப்பு. முஃபீதும் கூடச் சிரித்துவைத்தார். ஆனால் காது மடல் சூடாகிவிட்டது. அதற்கு வெயில் மட்டும் காரணமில்லை.

மகன் நிஸாரின் பெயரால் எல்லாருக்கும் அபூ நிஸாரான முஃபீத் ராணுவத்தில் சரக்கு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் இந்த மின்சாரக் காரை வாங்கி, தினமும் காலையில் சல்த் ஊரிலிருந்து நான்கு டீச்சர்களை அம்மானில் இருக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு, மத்தியானம் திரும்பக் கூட்டிவருவதுதான் அவருக்குப் பிழைப்பு. ஸர்க்கா பக்கம் வரியில்லாச் சந்தைக்குப் போயிருந்தால் இதே வண்டியை எவ்வளவோ மலிவாக வாங்கியிருக்கலாம். தெரிந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். அவர்தான் கேட்கவில்லை. ஏஜென்சியில் வாங்கினால் நாளைக்கு ஒன்று ஆனால் போய் நிற்க ஒரு வாசல் இருக்கும் என்று நினைத்தார். விற்ற ஆளும் நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்: "எட்டு வருஷத்துக்குள்ள இந்தப் பேட்டரியோட திறன் எழுபது சதவீதத்துக்குக் கீழே போச்சுன்னா, புதுசு ஓசியிலயே மாத்தித் தருவோம், ஹாஜி. நீங்க ஒரு வார்த்தை கேக்க வேண்டியதில்ல."

அந்த எட்டு வருஷம் வருகிற செப்டம்பரில் முடிகிறது. முன்பெல்லாம் ஒரு சார்ஜில் இரண்டு முறை அம்மான் போய்வந்த வண்டி இப்போது ஒரு முறைக்கே மூச்சு வாங்கியது. சொந்தமாகப் புதுப் பேட்டரி வாங்கிப் போடலாம் என்றால், விலை வண்டியின் விலையைவிட அதிகமாக இருந்தது.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட மறுநாளே ஏஜென்சிக்குப் போனார். சர்வீஸ் பகுதியைப் பார்த்துக்கொள்பவன் முஹன்னத் என்ற இளைஞன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, சாந்தமான குரல். எழுந்து வந்து கை குலுக்கி, நாற்காலி போட்டு, ஏலக்காய் மணக்கும் காப்பி வரவழைத்துக் கொடுத்தான்.

"மாத்தித் தரணுமா? என் தலைமேல, என் கண்மேல, அபூ நிஸார். ஒரே ஒரு சோதனை மட்டும் பண்ணிடுவோம்."

வண்டியை உள்ளே கொண்டுபோனார்கள். முஃபீத் காப்பியைக் குடித்துவிட்டுக் காத்திருந்தார். திரும்பி வந்த முஹன்னத்தின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அல்ஹம்துலில்லாஹ், நல்ல சேதி. எழுபத்தொண்ணு இருக்கு."

"அது எப்படி நல்ல சேதி?"

"பேட்டரி ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம்."

"தம்பி, மேடு ஏற மாட்டேங்குது. ஏசி போட்டா நின்னுடுமோன்னு பயமா இருக்கு. டீச்சருங்க வேர்த்து வழிஞ்சு பள்ளிக்கூடம் போறாங்க."

"புரியுது. என் சொந்த வண்டியா இருந்தா எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும்." அவன் உண்மையிலேயே கஷ்டப்படுவதுபோல்தான் தெரிந்தது. "ஆனா எழுபதுக்குக் கீழே போகணுமே. போனதும் வாங்க. நான் இங்கயேதான் இருக்கேன்."

யாராவது கத்தினால் நிமிர்ந்து நிற்க முஃபீதுக்குத் தெரியும். ராணுவத்தில் கற்றுக்கொண்டது அது. காப்பி கொடுத்து, கை குலுக்கி, வாசல்வரை வந்து வழியனுப்புகிறவனிடம் என்ன செய்வது? "அல்லாஹ் உனக்கு ஆரோக்கியம் தரட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் மனைவி ருதைனா கத்திரிக்காயைக் கீறிக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவனுக்கு வாழ்த்து வேற சொல்லிட்டு வந்தீங்களா?"

"மரியாதையாப் பேசினான்டி."

"மரியாதையாப் பேசினா உங்க சட்டையைக்கூடக் கழட்டிக் குடுத்துட்டு வருவீங்க. ஏஜென்சில யாரையாவது தெரியுமான்னு விசாரிக்க வேண்டியதுதானே? சிபாரிசு இல்லாம இந்த ஊர்ல ரொட்டிகூட வேகாது."

அவளே விசாரித்தாள். அவளுடைய அத்தை மகனின் சகலை அங்கே வேலை பார்ப்பதாகத் தகவல் வந்தது. அவனைத் தேடிப் போனால், அவன் குவைத்துக்குப் போய் இரண்டு வருஷமாகிவிட்டது என்றார்கள்.

அதன் பிறகுதான் முஃபீத் தொழிற்பேட்டையில் மின்சாரக் கார்களுக்குப் பேர்போன மெக்கானிக் மிக்தாதிடம் போனார். மிக்தாத் தன் கருவியைச் செருகிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"என் கருவி அறுபத்தெட்டுங்குது. ஆனா இதை அவங்ககிட்டக் காட்டினா சிரிப்பாங்க. அவங்களுக்கு அவங்க கருவி சொல்றதுதான் வேதம்."

"அப்போ நான் என்ன பண்றது?"

மிக்தாத் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கொன்னுடுங்க."

"என்னது?"

"பேட்டரியைச் சொல்றேன் ஹாஜி. சாகக் கிடக்குது, சாக மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க. பள்ளத்தாக்குல இருக்கற ஷூனாவுக்கு இறங்குங்க. உச்சி வெயில்ல அங்க வேகமா சார்ஜ் ஏத்துங்க, நிரம்பி வழியட்டும். அப்படியே வெயில்ல போட்டு வையுங்க. அப்புறம் ஏசியை முழுசா வெச்சு, மிதிச்ச கால் எடுக்காம மலை ஏறுங்க. அடி ஒட்டக் காலி பண்ணுங்க. மறுநாள் மறுபடி. கோடை முடியறதுக்குள்ள இறங்கிடும்."

முஃபீத் வீடு வந்தார். லாரி ஓட்டிய காலத்தில் இன்ஜின் சூடாகாமல் ஒருநாளும் வண்டியைக் கிளப்பியதில்லை அவர். மற்ற டிரைவர்கள் தூங்கப் போன பிறகும் ஆயில் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். இந்தக் காரையும் அப்படித்தான் வைத்திருந்தார். நிழல் பார்த்து நிறுத்துவார், சார்ஜை எண்பதுக்கு மேல் ஏற்ற மாட்டார். இத்தனை காலம் கண்ணாகப் பார்த்துக்கொண்டதால்தான் இன்னும் எழுபத்தொன்றில் நிற்கிறதோ என்று தோன்றியபோது அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கண்டபடி ஓட்டியிருந்தால் இந்நேரம் புதுப் பேட்டரி வந்திருக்கும்.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ருதைனா ஒரு தர்ப்பூசணியையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் ரொட்டியையும் கூடையில் வைத்துக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"கிளம்புங்க. நீங்க தனியாப் போனா பாவம் பாத்துப் பாதி வழியிலயே திரும்பிடுவீங்க."

வாதி ஷுஐப் மலைப்பாதை வழியாக இறங்கினார்கள். வளைவுக்கு வளைவு காற்றின் சூடு கூடிக்கொண்டே போனது. ஷூனாவில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த பெட்ரோல் பங்கில் வேக சார்ஜர் இருந்தது. அந்த வெயிலில் வேறு எவனும் அங்கே வண்டியை நிறுத்தியிருக்கவில்லை. சார்ஜ் ஏற ஏற வண்டிக்குள்ளிருந்து விசிறி இரைந்தது. முஃபீத் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"காய்ச்சக்காரப் பிள்ளை மாதிரி கொதிக்குதுடி."

"கொதிக்கட்டும். தர்ப்பூசணி சாப்பிடுங்க."

திரும்பும்போது ஏசி முழு வேகத்தில் இரைந்தது. ருதைனா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே மடக்கிக்கொண்டாள். "ஐயோ, என்ன குளிர்ச்சி! கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பத்தான் என்னைச் சுத்திப் பாக்கக் கூட்டிட்டு வர்றீங்க. அதுவும் வண்டியைக் கொல்றதுக்கு."

முஃபீத் மிதித்த காலை எடுக்காமல் மலையேறினார். எஜமானே தன் மாட்டைப் பட்டினி போட்டு, விலா எலும்பு தெரிகிறதா என்று தினமும் தடவிப் பார்ப்பது போலிருந்தது அவருக்கு. வீட்டுக்கு அருகே வந்ததும் வண்டி ஆமையாக ஊர்ந்தது. தெருமுனையில் நின்றேவிட்டது. பக்கத்து வீட்டு ஆள்கள் வந்து தள்ளினார்கள். "ஏஜென்சி வண்டின்னு பெருமை பேசினீங்களே, அபூ நிஸார்!" என்று ஒருவர் முதுகுக்குப் பின்னால் சொன்னது காதில் விழாமல் இல்லை.

அந்தக் கோடை முழுக்க இதே கதைதான். ஷூனா பங்கில் இருந்தவன் அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டான். ஒவ்வொரு முறையும், "இந்த வெயில்ல இப்படி ஏத்தாதீங்க ஹாஜி, பேட்டரி கெட்டுடும்" என்று அக்கறையாகச் சொல்வான். முஃபீத் தலையைக் குனிந்துகொண்டு, "அவசரம் தம்பி" என்பார்.

ஆகஸ்ட் பாதியில் இருவருமாக ஏஜென்சிக்குப் போனார்கள். அதே காப்பி, அதே சிரிப்பு. சோதனை முடிந்து முஹன்னத் வந்தான்.

"எழுபது."

ருதைனா எழுந்துவிட்டாள். "அப்புறம் என்ன? மாத்துங்க."

"எழுபதுக்குக் கீழேங்கறதுதான் விதி, உம்மு நிஸார். இது எழுபது."

"ஏன் மகனே, நீ பரீட்சைல எழுபது வாங்கினா உங்கம்மா உன்னைக் கொஞ்சுவாளா, செருப்பைத் தூக்குவாளா? அது எழுபதோ அறுபத்தொம்பதோ, வண்டி ஓடல! நீ வந்து உக்காரு, நான் உன்னை ஸுவைலிஹ் மேட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இந்தச் சட்டையைப் பிழிஞ்சு தண்ணி எடுக்கலாம்!"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முஹன்னத் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். என் கையில ஒண்ணும் இல்லியே. கம்ப்யூட்டர் ஒத்துக்கிட்டாத்தான் எனக்கு அந்தக் கதவே திறக்கும்."

"அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? தினமும் வெயில்ல ஷூனா..." முஃபீத் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். ருதைனா சட்டென்று நிறுத்தி, "ஷூனாவுல என் தங்கச்சி இருக்கா, அவளைப் பாக்கக்கூடப் போக முடியல" என்று முடித்தாள். அவளுக்குத் தங்கையே கிடையாது.

மறுபடியும் ஷூனா. மறுபடியும் வெயில். இந்த முறை தர்ப்பூசணி இல்லை. செப்டம்பருக்கு அதிக நாள் இல்லாத ஒரு காலையில் போய் நின்றபோது முஹன்னத்தே ஓடி வந்தான்.

"அறுபத்தொம்பது! மப்ரூக், அபூ நிஸார்!"

தன் வண்டி செத்துக்கொண்டிருப்பதற்கு முஃபீத் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார். ருதைனா முஹன்னத்தின் நெற்றியைத் தடவி, "நல்லா இருப்பா, உன் கல்யாணத்துக்கு நான் குலவை போடறேன்" என்றாள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, பஸ் பிடித்து சல்த் வந்து, கடைத்தெருவில் ஒரு தட்டு குனாஃபா இனிப்பு வாங்கி அக்கம்பக்கத்தில் கொடுத்தார்கள். வண்டியைத் தள்ளிவிட்டவர்கள் வீட்டுக்குத்தான் அது முதலில் போனது.

அதன் பிறகு காத்திருப்பு. ஃபோன் செய்தால் பேட்டரி கப்பலில் வருகிறது என்றார்கள். அப்புறம் அகபா துறைமுகத்தில் சுங்கத்தில் நிற்கிறது என்றார்கள். அப்புறம் அதை மாற்றத் தெரிந்த ஆள் லீவில் இருக்கிறான் என்றார்கள். ஒவ்வொரு முறையும் முஹன்னத் முதலில் அவர் உடம்பைப் பற்றி, வீட்டைப் பற்றி, கத்தாரில் இருக்கும் மகன் நிஸாரைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான். ஃபோனை வைக்கும்போது முஃபீத்தான் அவனுக்கு நன்றி சொல்லியிருப்பார்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. முதல் வாரம் டீச்சர்கள் பஸ்ஸில் போனார்கள். இரண்டாவது வாரம் வஜீஹா டீச்சர் ஃபோன் செய்தார்.

"அபூ நிஸார், எப்படி இருக்கீங்க? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

அந்தக் குரலில் கேலியே இல்லை. அதைக் கேட்டதுமே முஃபீதுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நாஜின்னு ஒருத்தர். வேன் வெச்சிருக்கார். மத்த மூணு பேரும் பேசி முடிச்சிட்டாங்க. நான் இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்னுதான் சொன்னேன், சத்தியமா. ஆனா ஒருத்திக்காக நீங்க எப்படி அவ்வளவு தூரம்..."

"வேண்டாம் டீச்சர். நீங்களும் போங்க. வேன்ல ஏசி நல்லா இருக்குமே."

"இருக்கு," என்றார் வஜீஹா டீச்சர். "ரொம்பக் குளிருது. திட்றதுக்கு ஒண்ணுமே இல்ல."

செப்டம்பர் கழிந்து அக்டோபர் பிறந்த பிறகு வண்டி தயார் என்று ஃபோன் வந்தது. இருவருமாகப் போனார்கள். கழுவித் துடைத்து வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். முஃபீத் உட்கார்ந்து ஆன் செய்தார். சார்ஜ் முழுதாக இருந்தது. பக்கத்தில், இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று காட்டும் எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு இறங்கி, குனிந்து வண்டியின் அடியில் பார்த்தார். பேட்டரியின் உலோகப் பெட்டி நெடுகக் கீறல்கள். ஒரு மூலை நசுங்கி, தட்டி நிமிர்த்தப்பட்டிருந்தது.

"தம்பி, ஒரு தடவை சோதனை பண்ணிக் காட்டேன்."

முஹன்னத் தயங்கினான். "எழுபத்திநாலு இருக்கு, அபூ நிஸார். நானே பாத்துட்டேன்."

"புதுசு எப்படி எழுபத்திநாலு இருக்கும்?"

"இது மாத்து பேட்டரி. அடிபட்ட வேற வண்டிலேர்ந்து எடுத்து, சரி பண்ணி, கம்பெனியே அனுப்பினது. உத்தரவாதத்துல மாத்து பேட்டரின்னுதான் இருக்கு. எழுபதுக்கு மேல இருந்தாப் போதும். புதுசுன்னு எங்கயும் சொல்லலியே."

"வித்தவன் சொன்னானே. நெஞ்சுல கை வெச்சுச் சொன்னான்."

"அவர் இப்போ இங்க இல்லையே."

முஃபீத் வண்டியைப் பார்த்தார். கோடை ஆரம்பத்தில் எழுபத்தொன்றோடு வந்து நின்றார். இப்போது எழுபத்திநாலு. இதற்குத்தான் அத்தனை வெயில்.

"சரி, இது எழுபதுக்குக் கீழே இறங்கினா?"

முஹன்னத் முதல்முறையாக அவர் கண்ணைப் பார்க்காமல் பேசினான். "பழைய உத்தரவாதத்துல மிச்சம் இருக்கற காலம்தான் இதுக்கும். அது போன மாசத்தோட முடிஞ்சிருச்சு."

"அப்போ வண்டி உங்ககிட்டத்தானே இருந்துச்சு?"

"ஆமா."

"என் பேட்டரி எங்க?"

"அது இனிமே கம்பெனியோடது."

"அதையும் சரி பண்ணி வேற யாருக்காவது போடுவீங்களா?"

அவன் சட்டைக் கையின் மடிப்பைச் சரிசெய்தான். முஃபீதுக்கு ஷூனாவின் அனல் முகத்தில் அடித்தது போலிருந்தது. தான் காய்ச்சி வறுத்துக் கொன்றதை எங்கேயோ இன்னொருவன் புதுசென்று நம்பி வாங்கிக்கொண்டு போவான். அவர் வாயைத் திறந்தார். கத்த வேண்டும் என்றுதான் நினைத்தார். ருதைனாவைத் திரும்பிப் பார்த்தார். அவளாவது கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க, போகலாம்" என்றாள், மிக மெதுவாக. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

வழியில் அவள் நுகர்வோர் புகார் எண்ணுக்கு ஃபோன் போட்டாள். ஒரு பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பேட்டரியை மாத்தித் தந்தாங்களா, இல்லையாம்மா?"

"தந்தாங்க, ஆனா..."

"காசு ஏதாவது வாங்கினாங்களா?"

"இல்ல."

"அப்போ புகார்னு என்ன எழுதிக்கட்டும்?"

ருதைனா, "ஒண்ணும் எழுதாதே மகளே. அல்லாஹ் உன் கையை நல்லா வெச்சிருக்கட்டும்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பல்கலைக்கழகத்துக்கு அருகே சிக்னலில் நின்றார்கள். பக்கத்தில் அதே மாதிரி வண்டி ஒன்று, நிறம்தான் வேறு, வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு முஃபீதின் வயதுதான் இருக்கும். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜன்னலை இறக்கிக் கை காட்டினார்.

"ஹாஜி! உங்களுதும் ஏஜென்சி வண்டியா? இதுக்கு பேட்டரி ஓசியில மாத்தித் தர்றாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா, சும்மா பேச்சா?"

முஃபீத் அவரைப் பார்த்தார். பின்சீட்டில் காய்கறிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மனுஷர் உண்மையான நம்பிக்கையோடு கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது? சிவப்பு விளக்கு அணைவதற்குள் எதைச் சொல்லி முடிப்பது?

"தர்றாங்க," என்றார். "எனக்கு இன்னிக்குத்தான் மாத்தினாங்க."

"அல்லாஹு அக்பர்! உங்க வாய் இனிக்கட்டும்!" அவர் நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினார். பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் ஹாரன்கள் அடித்தன. அந்த வண்டி அடுத்த வளைவிலேயே ஏஜென்சி இருக்கும் திசையில் திரும்பியது.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள் ருதைனா.

"பொய்யா சொன்னேன்?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். முஃபீத் சல்த் சாலையில் வண்டியைத் திருப்பினார்.